இழுவைப்படகில் ஓர் ஈரச்சாக்கு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கடற்படை இழுவைப்படகில் வேலை செய்யும் சுகுமாறன் தீபாவளி விடுப்பில் வந்து, பகாவ் பட்டணத்தில் இருக்கும் பழைய ரப்பர் தோட்டத்துக் கூட்டாளி வீட்டில் சாப்பிட்டான். கூட்டாளி நான்தான். ‘நான்’ என்று எழுதினால் மானம் போகும், புவனேஸ்வரன் என்று வைத்துக்கொள்வோம். சுகுமாறன் கடலைப் பற்றிப் பேசப் பேச, புவனேஸ்வரனின் மனைவி தனலெட்சுமி கறிக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் இலை காலியாகக் கிடந்தது. அவனுக்கு வயிறு எரிந்தது, பசியால் மட்டுமல்ல.

2

தொடக்கம்: ‘நீலக்கடலின் மடியிலே...’

(வேண்டாம். மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் புவனேஸ்வரனுக்கு நீலத்தைப் பற்றி என்ன தெரியும்?)

இன்னொன்று: படகு சின்னது. போர்க்கப்பல்கள் சுட்டுப் பழக ஒரு மிதவையை நீளக் கயிற்றில் கட்டி இழுத்துப்போக வேண்டும். டீசல் வாடை, ஓயாத ஆட்டம். பின்பக்கம் நின்று கயிற்றைவிட்டுக் கண்ணெடுக்காமல் காவல் காப்பவன் சுகுமாறன். அறுந்தால் கயிறு திரும்பி வந்து ஆளை அடிக்கும். அறுந்தது. சுகுமாறன் கடலில்—

தனலெட்சுமி படித்தாள்.

“அவர எதுக்கு லா கடல்ல தள்ளுறீங்க? சாப்பாட்ட எழுதுங்க. தட்டு வழுக்காம இருக்க ஈரச்சாக்க விரிச்சு எல்லாரும் கீழ உக்காந்து சாப்பிடுவாங்க. கயித்தப் பாக்குறவருக்கு மட்டும் ஒருத்தர் பக்கத்துல நின்னு ஊட்டிவிடுவாரு.”

3

அந்த வரியைப் பாதியிலேயே விட்டுவிட்டுச் சாப்பாட்டை எழுதினான். கதைக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: சுகுமாறன் அன்று சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு இவளுக்கு எப்படித் தெரியும்?

(அவள் போனைப் பார் என்பீர்கள். பார்த்தான். ஒன்றுமில்லை. அழித்திருக்கலாம் அல்லவா?)

“அவன் உனக்குப் போன் பண்றானா?”

தனலெட்சுமி பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எங்கப்பா தோட்டத்து லோரி ஓட்டுனாரு. திருவிழாவுக்குப் போறப்ப பொங்கப் பான சாயாம ஈரச்சாக்கு போடுவோம். அம்மா பக்கத்துல உக்காந்து அப்பாவுக்கு ஊட்டிவிடும். அதத் தூக்கிப் படகுல வச்சேன்.”

“அப்ப பொய்யா?”

“கததானே எழுதுறீங்க?”

4

முடிவு ஒன்று: அவள் மழுப்புகிறாள். அவள் மனசு படகில் இருக்கிறது.

முடிவு இரண்டு: சொன்னது உண்மை. அப்படியென்றால் இந்தக் கதையில் உயிருள்ள ஒரே இடம் அவளுடையது. வருஷக்கணக்காக எழுதும் புவனேஸ்வரனுக்குக் கயிற்றை அறுக்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

எது அதிகம் எரிகிறது என்று கேட்காதீர்கள். [இரண்டாவது.]

இதை எழுதும்போது அவள் பின்னால் நின்று படிக்கிறாள்.

“அவர மேல தூக்கிட்டீங்களா?” என்கிறாள்.

இல்லை. சுகுமாறன் இன்னும் இரண்டாம் பகுதியில், பாதி வரியில், தண்ணீரில்தான் கிடக்கிறான். தூக்குவதென்றால் நீங்கள் தூக்குங்கள். எனக்கு மனசு வரவில்லை.