கபுயி கொண்டுவந்த நாற்று

நத்தை என்று சொன்னாலே எனக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டும். மழைக்கு வேலியில் ஊருமே, அந்த அப்பாவி நத்தையைச் சொல்லவில்லை. இது எந்தத் தேசத்திலிருந்தோ வந்து சேர்ந்த சனியன். முஷ்டி அளவு இருக்கும். நெல் தண்டில் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டையை அப்பி வைக்கும். அதைச் சுரண்டினால் கொழகொழவென்று ஒரு சாறு விரலெல்லாம் ஒட்டும். சீ! நட்ட நாற்றை வேரோடு மென்று தின்றுவிட்டு, காலையில் சேற்றுக்குள் ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கும்.

எங்கள் ஊர் ம்வேயாவில் சாலைக்கு அந்தப் பக்கத்து வயல்களை அது தின்று தீர்த்து இரண்டு வருஷமாகிறது. எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்குத் தனிக் கால்வாய். அதோடு நான் இருக்கிறேன். தண்ணீர்க் கமிட்டித் தலைவர் கசோகி என்னைத்தான் காவலுக்குப் போட்டார். அந்தப் பக்கத்து நாற்று உள்ளே வரக்கூடாது, கழுவாத டிராக்டர் வரக்கூடாது, சேறு ஒட்டிய செருப்புகூட வரக்கூடாது. "நத்தை போலீஸ் வருதுடோய், கால தூக்கிக் காட்டுங்கடா!" என்று டிராக்டர்க்காரன்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டும். முட்டையைச் சுரண்டப் போகிறவர்கள் அவர்களா?

இந்தப் போகம் என் தலையெழுத்து, நாற்றங்காலில் விதைத்ததைக் குருவிக் கூட்டம் பொறுக்கிவிட்டது. சனிக்கிழமைக்குள் நடாவிட்டால் எனக்குத் தண்ணீர் கிடையாது. வயல் தரிசு. நானும் என் மகள் வாஞ்சாவும் அடுத்த அறுப்பு வரை யார் வீட்டுச் சோளத்தைத் தின்பது? யாரிடமும் மிச்ச நாற்று இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் வாசலில் குரல் கேட்டது.

"மிசேரே! எங்கடி போய்த் தொலைஞ்ச? வந்து ஒரு கை புடி, கழுத்து ஒடியுது!"

என் அக்கா கபுயி. சாலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நெற்றியில் வார் போட்டு, முதுகு கொள்ளாமல் நாற்றுக் கட்டுகளைச் சுமந்து நின்றாள். பச்சென்று, தளதளவென்று நாற்று.

"அக்கா, அங்கயே நில்லு."

அவள் சிரித்தாள். "என்ன போலீஸம்மா, சோதனையா? பண்ணு, பண்ணு." சுமையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பக்கம் இந்தப் போகம் தண்ணியே விடமாட்டானுங்களாம். வயலக் காயப்போட்டா நத்தை செத்துருமாம். நாத்து மட்டும் வளந்து நிக்குது. உன் நாத்தங்கால் போச்சுன்னு கேட்டதும் புடுங்கிக் கட்டிட்டேன். நாலு தண்ணில அலசியிருக்கேன்டி."

எங்களில் கூடப்பிறந்தவள் கொடுக்கும் நாற்றை யாரும் வேண்டாம் என்பதில்லை. வேண்டாம் என்றால் நீ எனக்கு யாருமில்லை என்று அர்த்தம். நான் ஒரு கட்டை அவிழ்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. இதை நட்டால் என் வயல் பிழைத்துவிடும் என்று நினைத்தபோதே, இலை மடிப்பில் கொத்தமல்லி விதையளவு ஒன்று கொம்பை நீட்டியது. உவ்வே! கட்டை வீசிவிட்டுக் கையைப் பாவாடையில் தேய்த்தேன்.

அந்த நேரம் பார்த்து வாஞ்சா "பெரியம்மா!" என்று ஓடிவந்தாள். கபுயி கையை விரித்தாள். நான் பிள்ளையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"தொடாதக்கா! போய்க் கையக் கழுவு. அது எச்சில்ல புழு இருக்காம், மண்டைக்கு ஏறுமாம்."

கபுயி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக நத்தை பொறுக்கி நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. நான் அவசரமாகத் தேநீர் கொண்டுவந்து வாசலிலேயே நீட்டினேன். வீட்டுக் கோப்பையில் இல்லை, மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கோப்பையில். அவள் வாங்கவில்லை.

"குடிச்சு முடிச்சதும் தூக்கி எறியறதுக்கா இது?"

நான் கோப்பையைத் தரையில் வைத்தேன்.

"சரி, நாத்த என்ன பண்ணப்போற?"

"எரிக்கணும்க்கா. கமிட்டியில அப்படித்தான் முடிவு."

"நத்தையப் பாத்து மூஞ்சியச் சுளி, நியாயம். நானும் தினம் அதப் பாத்து வாந்தியெடுக்கிறவதான். என்னையப் பாத்து ஏன்டி சுளிக்கிற?"

கட்டுகளை மறுபடி முதுகில் ஏற்றினாள். நான் வாரைப் பிடித்தேன், அவள் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். அந்த நாற்று என் வாசலை விட்டுப் போனால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

கால்வாய்ப் பாலம் என் வாசலிலிருந்தே தெரியும். கபுயி அதன் நடுவில் நின்று சுமையை இறக்கினாள். கட்டுகளை ஒவ்வொன்றாக எங்கள் கால்வாயில் போட்டாள். கோபமே இல்லாமல், கோழிக்குத் தானியம் போடுகிற மாதிரி. "அய்யய்யோ! பாவி!" என்று கத்திக்கொண்டே ஓடித் துணியோடு தண்ணீரில் குதித்தேன். கைக்கு அகப்பட்டதையெல்லாம் கரையில் எறிந்தேன். கழுத்தில் ஏதோ வழவழப்பாக ஊர்ந்தது. அதைத் தட்டிவிடக்கூட நேரமில்லை. இரண்டு கட்டு அவிழ்ந்து மடைக்கு அடியில் நுழைந்து வயல்களுக்குள் போய்விட்டன.

கபுயி படியில் இறங்கிவந்து கால்வாயில் குனிந்தாள். முழங்கை வரை, விரல் இடுக்கு வரை நிதானமாகத் தேய்த்தாள்.

"கழுவிட்டேன்டி," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

என் வயல் தரிசாகவே கிடந்தது. மற்றவர்கள் வயலில் நெல் கதிர் விடும் சமயம் மடையை ஒட்டியிருந்த முரிமியின் வயலில் முதல் முட்டைக்கொத்து தெரிந்தது. பிறகு எங்கு பார்த்தாலும் ரோஸ், ரோஸ், ரோஸ். எல்லாரும் வாளியோடு தண்ணீரில் இறங்கினோம். நசுக்கிய நத்தைக் குவியலில் ஈ மொய்த்தது. வீட்டுக்குப் போய் எத்தனை சோப்புப் போட்டாலும் கை நாறியது. சோறு இறங்கவில்லை.

கசோகி எல்லாரையும் மடையடியில் கூட்டினார்.

"மிசேரே, நீ நாத்துக் கட்டோட தண்ணில நின்னதப் பாத்தவங்க இருக்காங்க. அது யார் நாத்து? பேரச் சொல்லு. அவங்க இனிமே எந்தப் பக்கமும் நாத்து நடக்கூடாது."

அக்காவுக்கு வரும் போகமாவது தண்ணீர் விடுவார்கள். அவள் பிள்ளைகள் நாலு பேர். பச்சென்று அவள் சுமந்து வந்த நாற்று கண்ணுக்குள் நின்றது. எனக்கு அவள்மேல் ஆத்திரம் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை.

"என் நாத்துதான்," என்றேன்.

முரிமியின் பெண்டாட்டி என் காலடியில் காறித் துப்பினாள்.