தலைகீழாய் நின்ற முக்கப்பா

அன்று காலை என் கணவர் சோள ரொட்டியை நான்காக மடித்துத் தூக்கிக் காட்டி, "இதுக்கு எத்தனை மூலை?" என்று கேட்டார்.

மூன்று என்றேன்.

"அப்போ இவன் முக்கப்பாவோட மச்சான். ஒரு பக்கம் மட்டும் தொப்பை விழுந்திருக்கு."

மச்சானைக் கத்தரிக்காய்க் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டுக் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

அவர் போகவிருந்தது தார்வாட் கல்வி அலுவலகத்துக்கு. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆசிரியர்கள் நாங்கள் இருவர்தான். முதல் வகுப்பு அவருடையது. வடிவங்களைக் கதையாகத்தான் சொல்வார்; கதைகளைப் படத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முக்கோணம் முக்கப்பா, சதுரம் சௌக்கப்பா, வட்டம் குண்டவ்வ. கேட்ட கதையைப் பிள்ளைகள் சிலேட்டில் படம் போட்டு ஒரு வரி எழுத வேண்டும். கதை வேண்டாம், பெட்டியில் அனுப்பிய பிளாஸ்டிக் வடிவங்களைக் கொண்டு பாடம் நடத்தவும் என்று கடிதம் வந்திருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் கிளம்பினார்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளர் தேசாய் நேரில் வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, "பிள்ளைங்களுக்கு வடிவம் தெரியுதான்னு பாப்போம். தெரியலைன்னா அந்தக் கதை நோட்டை மூடி வச்சிடுங்க அக்கோரே" என்றார்; எங்கள் பக்கம் டீச்சரம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள். அந்த வகுப்பறையில் என் கணவருடையதாக மிஞ்சியிருந்தது அந்த நோட்டுதான். நான் தலையாட்டினேன்.

தேசாய் கரும்பலகையில், கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு முக்கோணம் வரைந்தார். "இது என்ன?"

இருபத்து மூன்று பிள்ளைகளும் பலகையை உற்றுப் பார்த்தார்கள். கடைசியில் ஈரப்பா எழுந்தான். "விழுந்துட்டான் சாகேபரே."

"யாரு?"

"முக்கப்பா. தலைகீழா விழுந்துட்டான்."

"தண்ணி குடுங்க அவனுக்கு" என்றாள் கல்லவ்வ.

"அப்போ இது முக்கோணம் இல்லையா?"

"இப்ப இல்லீங்க. உடம்பு சரியானதும் ஆயிடுவான்."

தேசாய் குறிப்பேட்டைத் திறந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கணவர் வரைந்த படங்களில் எல்லாம் முக்கப்பா சம்மணம் போட்டு, உச்சியில் பட்டகாத் தலைப்பாகை கட்டித்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு நாளும் அவனைச் சாய்த்து வரைந்ததில்லை.

"ஏண்டா ஈரப்பா, நீ தலைகீழா நின்னா உன்னை வேற பேர் சொல்லியா கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

ஈரப்பா யோசித்தான். பலகைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தான். "ஏய், அவனேதான். பாருங்கடா."

மறு நிமிடம் வகுப்பு முழுக்கக் குனிந்து நின்றது. பாவாடைகள் தலையை மூடின. மெகபூப் நிலைதடுமாறிக் கல்லவ்வ மேல் சாய, அவள் அடுத்தவள் மேல் சாய, அந்த வரிசையே தரைக்குப் போனது. விழுந்து கிடந்தபடியே எல்லோரும் மூலைகளை எண்ணினார்கள். மூன்று.

தேசாய் இன்னொன்றைச் சாய்வாக வரைந்தார். இருபத்து மூன்று கழுத்துகள் சாய்ந்தன. அவருடையதும் சேர்ந்து சாய்ந்ததை அவர் கவனிக்கவில்லை.

"குண்டவ்வ விழுந்தா?"

"அவ எப்படி நின்னாலும் ஒண்ணுதான் சாகேபரே" என்றாள் கல்லவ்வ, பாவாடையைத் தட்டிக்கொண்டே.

ஈரப்பா தன் சிலேட்டை நீட்டினான். 'முக்கப்பா விழுந்தான். பேர் உடையல.' தேசாய் அதை இரண்டு தடவை படித்தார். குறிப்பேட்டை மூடினார்.

"கதை இருக்கட்டும் அக்கோரே. அவனை மட்டும் அப்பப்போ படுக்கப் போடுங்க."

திங்கட்கிழமை நோட்டைப் பிரித்து, முக்கப்பா சந்தையிலிருந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் கதையைச் சொன்னேன். வாசலில் அவன் மனைவி நிற்பாள். சொம்பில் தண்ணீர் கொடுத்து, "களைச்சுப் போயிட்டீங்களா?" என்று அவளைக் கேட்க வைத்தேன்.

கல்லவ்வ கை தூக்கினாள். "தப்பு அக்கோரே. அவ திட்டணும்."

"ஒரு நாளைக்கு விட்டுடட்டுமே."

"முடியாது. 'எந்த மூலைல போய்க் கெடந்தீங்க'ன்னு கேக்கணும். மாஸ்தர் அப்படித்தான் சொல்வாரு. இடுப்புல கை வச்சுக்கிட்டு."

கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். முக்கப்பாவின் மனைவி இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.