சுவரேறிப் போன கோழிக்குழம்பு

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. சம்மதம் சொன்ன பிறகுதான் சோறு. அதற்கு முன்னே ஒரு வாய் சாப்பிட்டாலும் பெண்ணை எடுத்தாக வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இதுதான் சட்டம். இப்போது பையனும் பெண்ணும் சேர்ந்து ஊர் பூராவும் தின்றுவிட்டுத்தான் நம்மிடம் வந்து சொல்கிறார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் என் மகள் நவமணியைப் பார்க்கக் கோப்பெங் டவுனிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் பத்துமலை, லோரி பட்டறையில் வேலை. கூட அவன் அப்பா சின்னையா. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம், 'போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று சொல்லிப் போனவர்கள்தான். ஒருத்தனும் சொல்லி அனுப்பவில்லை. சின்னையா வேறு வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அதிகம் பல் காட்டுகிற ஆளை நான் நம்புவதில்லை.

என் மனைவி முத்தம்மா நம்பினாள். நான் வளர்த்த சேவலை அறுத்துக் குழம்பு வைத்திருந்தாள்.

நவமணி காப்பி வைத்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. பையன் கோப்பைக்குக் கை நீட்டினான். சின்னையா இருமினார். கை திரும்பிப் போய்விட்டது.

"போய்ச் சொல்லி அனுப்புறோம்ணே."

இதைத்தான் நினைத்தேன்.

எழுந்தார்கள், மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்தை விட்டு வெளியே போகிற பலகைப் பாலத்துக்கு மேலே தண்ணீர். அவர்களைக் கூட்டி வந்த டாக்சிக்காரன் காரிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். மத்தியானம் தாண்டியது. வீடு முழுக்கக் கோழி வாசம். சின்னையாவின் வயிறு போட்ட சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"ஒரு வாய் சாப்பிடுங்கண்ணே," என்றேன்.

"வேணாம்ணே. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அப்போது பக்கத்து வீட்டுச் செல்லாயி வாசலில் வந்து நின்றாள். "எங்க வீட்டுல வந்து பசியாறுங்க லா. நாங்க என்ன பொண்ணு வீடா?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் சின்னையா செருப்பை மாட்டிவிட்டார்.

செல்லாயிக்கும் ஒரு மகள் இருக்கிறாள், பாப்பா. எனக்குப் புரிந்துவிட்டது.

"பாத்தியாடி, சோத்தக் காட்டி மாப்பிள்ளைய இழுத்துட்டுப் போறா!"

"நீங்க சும்மா உக்காருங்க," என்றாள் முத்தம்மா.

"சரி, எனக்குச் சோத்தப் போடு."

"கொழம்பு இல்ல."

"ஒரு சேவல் இருந்துச்சே!"

"இல்லன்னா இல்ல."

எங்கள் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் சின்னையா எலும்பு உறிஞ்சுவது எனக்கு நன்றாகக் கேட்டது. "கொழம்பு பிரமாதம் தங்கச்சி!"

பொறுக்க முடியவில்லை. நேராகப் போனேன். பாப்பா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"செல்லாயி, ஒனக்கு வெக்கமா இல்ல?"

கேட்டுவிட்டுச் சட்டியைப் பார்த்தேன். காது உடைந்து நான் கம்பி போட்டுக் கட்டிய சட்டி.

"இது என் சட்டியாச்சே!"

"சேவலும் ஒங்களுதுதாண்ணே," என்று செல்லாயி சிரித்தாள். "சுவத்துக்கு மேல வந்துச்சு. எங்க வீட்டுல இன்னைக்கு வெறுங்கீரதான்."

சின்னையாவின் கையில் கோழிக்கால் அப்படியே நின்றது.

"இது ஏமாத்து வேலண்ணே! நான் இந்த வீட்டுலதான் கை நனைச்சேன்."

"வீடு இது. சேவல் எந்த வீடு? தீனி போட்டு வளத்தவன் நான்!"

"தெரியாம தின்னது கணக்குல வராது."

"எனக்குத் தெரியும்ப்பா," என்றான் பத்துமலை, இலையைப் பார்த்தபடியே.

"என்னாடா?"

"நீங்க கை கழுவப் போனப்ப அடுப்படிச் சுவத்துக்கு மேல சட்டி வந்துச்சு. புடிச்சிருந்த கையில பச்ச வளையல். காப்பி வெச்ச அதே கை. பாத்துட்டுதான் நான் இலையில கை வெச்சேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. தலை நிமிராத பெண்ணாம். வீட்டுக்குள்ளேயே தாயும் மகளும் கூட்டு, எனக்கு மட்டும் தெரியவில்லை.

சின்னையா மகனைப் பார்த்தார். கோழிக்காலைப் பார்த்தார். பிறகு ஒரு கடி கடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க, சம்மந்தி."

சட்டியை எட்டிப் பார்த்தேன். கழுத்து மட்டும் கிடந்தது. அதையும் பாப்பா மாப்பிள்ளை இலையில் வைத்துவிட்டாள்.

நான் கீரையோடு சாப்பிட்டேன். உப்புக் கரித்தது. அதைச் செல்லாயியிடம் சொல்லியும்விட்டேன்.