சகாயம்மாள் வீட்டு மேங்கோ

அருள்மேரி பி.ஏ. தேறியதில் தெற்குத்தெருவுக்குக் கிடைத்த முதல் லாபம், காரியக்காரர் துரைராசு சைக்கிளை விட்டு இறங்கியதுதான். அதுவரை அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "ஏ சகாயம், நாளைக்கு நாத்துப் பறிக்கணும், ஆளைக் கூட்டிட்டு வந்துரு" என்று கூவிவிட்டுப் போகிற ஆள். அன்றைக்கு இறங்கி, ஸ்டாண்டு போட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா இருக்கா?" என்றார்.

"பாப்பா இல்லை. அருள்மேரி இருக்கேன். என்ன சேதி?" என்றது உள்ளேயிருந்து குரல்.

சேதி இதுதான். பங்குனிக் கடைசியில் ஊரில் முத்தமிழ் விழா. விழாத் தலைவர், துரைராசின் முதலாளி, பெரிய வீட்டு மிராசுதார் வைத்தியலிங்கம். ஐந்தாறு வருஷம் முன்புவரை கதர் கட்டினவர். ஆட்சி மாறியதும் அவர் வேட்டியின் கரையும் மாறிவிட்டது. இப்போது மைக்கைக் கண்டால் போதும், மனிதருக்குத் தமிழ் பொங்கும். விழாவுக்குத் திருத்துறைப்பூண்டியிலிருந்து தாசில்தார் வருகிறார். அவர் கண்ணில் படுகிற மாதிரி தெற்குத்தெருப் பட்டதாரி ஒருத்தி மேடையில் இருந்தால் தலைவருக்குக் கௌரவம்.

"இங்கிலீசுல தமிழு எப்படியெல்லாம் கலந்திருக்குன்னு கொஞ்ச நேரம் பேசுனாப் போதும். ஐயாவே உன் பேரைச் சொன்னாரு," என்ற துரைராசு, அப்படியே வாசல் மாமரத்தை அண்ணாந்து பார்த்தார். "நல்ல காப்பு இந்த வருசம். விழா முடிஞ்ச மறுநாளு தொரட்டியோட வந்துடறேன்."

அதுதான் வழக்கம். தெற்குத்தெருவில் எந்த வாசலில் மாமரம் நின்றாலும், காய் முற்றியதும் பெரிய வீட்டுக்குப் போய்விடும். பெரிய வீட்டு ஜாடிகள் நிறைய வேண்டும். ஒரு பிஞ்சு விடாமல் மரத்தை மொட்டையடித்துவிட்டு, கீழே உதிர்ந்த வெம்பலைத் தெருவுக்குத் தர்மம் பண்ணிவிட்டுப் போவார்கள்.

"ஏங்க, போன வருஷம்தான் குடியிருப்புச் சட்டத்துல எங்கம்மா பேருக்குப் பட்டா வந்துச்சு. மரம் அதுக்குள்ளதானே நிக்குது?" என்றாள் மேரி.

"பட்டா மனைக்குத்தாம்மா. மரத்துக்கா குடுத்தாங்க?"

"அப்ப மரத்தை மட்டும் தூக்கிட்டுப் போங்க. வேர்ல எங்க மண்ணு ஒட்டாம எடுத்துக்கணும்."

துரைராசு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். சகாயம்மாள் ஓடிவந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "சின்னப்புள்ள, மனசுல வெச்சுக்காதீங்க ஆண்டே. விழாவுல பேச வரும்." சைக்கிள் போன பிறகு மகளைப் பிடிபிடியென்று பிடித்தாள். "குறுவை நடவு அவரு வயல்லதானடி? உன் பி.ஏ.வைக் கரைச்சுக் குடிக்கவா நான்?"

"ஆண்டேங்காதன்னு எத்தனை தடவம்மா சொல்றது?"

"நாக்கு பழகிப் போச்சுடி."

அந்த நாக்குக்கு ஓர் ஆசையும் இருந்தது. அருள்மேரி பிறந்த வருஷம் நேர்த்திக்கடனுக்காக வேளாங்கண்ணிக்குப் போன சகாயம்மாள், திரும்பும் வழியில் ஒரு மாம்பழம் வாங்கித் தின்றாள். தேன் என்றால் அது தேன். கொட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து வாசலில் ஊன்றினாள். அந்த ருசியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளும்தான் காத்திருக்கிறாள். அவள் மரத்தில் அவளுக்கு ஒரு பழம் பழுத்ததில்லை. மகள் பட்டமே வாங்கிவிட்டாள்.

"மேடையில எதைப் பத்திடி பேசப் போற?"

"மேங்கோ பத்தி."

"அது என்ன எழவு?"

"நம்ம மாங்காதாம்மா."

விழாவன்று ட்யூப் லைட்டும் கொடியும் தோரணமுமாகத் தேர்முட்டி ஜொலித்தது. நாற்காலிகள் முன்னால், தெற்குத்தெரு, வழக்கம்போல, கடைசியில் தரையில். வைத்தியலிங்கம் தமிழைத் தாயே என்று ஒருமுறையும் கன்னியே என்று ஒருமுறையும் விளித்துவிட்டு மேரியை அழைத்தார். அவள் வந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"இங்கிலீஷ்காரன் மேங்கோங்கிறான். அது அவன் வீட்டுச் சொல்லு இல்லை. நம்ம மாங்காய். மலையாளக் கரையில அதையே மாங்ஙன்னாங்க. கப்பல்ல வந்த போர்த்துகீசியன் மாங்கான்னான். அவன்கிட்டேருந்து வாங்கின இங்கிலீஷ்காரன் வாலை மட்டும் மாத்தி மேங்கோ ஆக்கிட்டான்."

கைதட்டல் அள்ளியது. தலைவர் எட்டி மைக்கைப் பிடித்து, "ஆங்கிலேயனுக்கே பழத்தைக் கொடுத்தவன் தமிழன்!" என்று முழங்கினார்.

"பழத்தைக் கொடுக்கலீங்க தலைவரே, காயைத்தான் கொடுத்தோம்," என்றாள் மேரி. "மாம்பழம்னு தனியா ஒரு சொல்லு நம்மகிட்ட இருக்கு. அது கப்பல் ஏறலை. ஏன்னு டிக்ஷனரி சொல்லலை, நான் சொல்றேன். பழம் சீமை போய்ச் சேர்றதுக்குள்ள அழுகிரும். ஊறப்போட்ட காய்தான் போய்ச் சேரும். அதனால அங்க ரொம்ப நாளைக்கு மேங்கோன்னா ஊறுகாய்னும் ஒரு அர்த்தம். வெள்ளரிக்காயை ஊறப்போட்டாலும் மேங்கோ, முலாம்பழத்தை ஊறப்போட்டாலும் மேங்கோ. இது எங்க காலேஜ் டிக்ஷனரியிலயே இருக்கு. மரத்துல பழுத்தா எப்படி இருக்கும்னு தெரியாமயே ஜாடியை நக்கிட்டு இருந்திருக்கான், பாவம்."

தாசில்தாரே சிரித்துவிட்டார்.

"தெற்குத்தெருவும் அந்த வெள்ளைக்காரன் மாதிரிதான். எங்க வாசல்ல எங்கம்மா ஊன்றின மரம் இருக்கு. அதுல பழம் எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாது. ஊறுகாய் எப்படி இருக்கும்னு தலைவருக்குத் தெரியும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. பின்னால் ஒரு சோடாக் கடைக்காரர் மட்டும் நிறுத்தத் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். சகாயம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேரியிடம் இன்னும் நிறைய இருந்தது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் சேர்த்துவைத்தது, சுடச்சுட. ஆனால் மைக்செட்டுக்காரனின் கை பொத்தானுக்குப் போவதைப் பார்த்தாள். திட்டினால் அணைத்துவிடுவான். பக்கத்தில் தலைவர், பொன்னாடையை விரித்த கையோடு, சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மேரி அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"இந்த வருஷம் பழுக்க விடறோம். வைகாசியில எல்லாரும் எங்க வீட்டுக்கு வரணும். முதல் பழம் தலைவருக்கு. எங்க வாசல்லயே உக்காந்து, எங்கம்மா கையால வாங்கிச் சாப்பிடணும்."

அந்தக் காலத்து மேடைக்கு ஒரு நடைமுறை உண்டு. கூப்பிய கையோடு ஒருவர் அழைத்தால், காதுகுத்தோ கடைதிறப்போ, தலைவர் எழுந்து சம்மதம் சொல்லிவிட வேண்டும். வைத்தியலிங்கத்தின் கால் அவரைக் கேட்காமலே எழுந்தது. தாசில்தார் வேறு கைதட்டினார். "தமிழ் அழைக்கிறது! தட்ட முடியுமா? வருகிறேன்!" என்று வாய் முழங்கியது. உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தெற்குத்தெரு வாசலில் அவர் அப்பா நின்றதில்லை, தாத்தா அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

மறுநாள் காலை துரைராசு தொரட்டியும் சாக்குமாக வந்து நின்றார். மேரி இடுப்பில் முந்தானையைச் செருகினாள். அவளுக்கு முன்னால் சகாயம்மாள் போய்விட்டாள்.

"என்னங்க இது! அவரு பழம் சாப்பிட வர்றேன்னு ஊரறியச் சொல்லியிருக்காரு. இன்னிக்குப் பறிச்சிட்டா வந்தவருக்கு எதைக் குடுக்கிறது? உங்க தலையையா?"

தெருவே சிரித்தது. துரைராசு தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

வைகாசியில் மரம் மஞ்சள் பூத்தது. தலைவருக்கு முதுகுவலி என்றார்கள், பிறகு பட்டுக்கோட்டையில் கல்யாணம் என்றார்கள். தாசில்தார் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். அதற்கு மேல் தள்ள முடியவில்லை. கடைசியில் அம்பாசிடர் வந்தது, கூடவே ஒரு போட்டோக்காரர். வருவதுதான் வருகிறோம், பேப்பரிலாவது வரட்டும் என்று நினைத்திருப்பார்.

வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சகாயம்மாள் பழுத்ததில் பழுத்ததாக ஒன்றைக் கழுவி, கையில் கொடுத்தாள். அவர் ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். வாங்கிக் கடித்தார்.

முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஒரு கண் மூடியது. காதுவரை சிலிர்த்தது. புளி என்றால் அப்படியொரு புளி. போதாததற்கு வாய் கொள்ளாத நார். துப்ப வழியில்லை, போட்டோக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினார்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் மேரி.

"ஆகா..." கண்ணில் நீர் முட்டியது. "தேன். தமிழ்த் தேன்."

"அப்ப இன்னொண்ணு சாப்பிடுங்க ஐயா," என்று சகாயம்மாள் கூடையை நீட்டினாள்.

இன்னொன்றும் சாப்பிட்டார். கார் கிளம்பும்போது துரைராசிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, அல்லது புளிப்பில் பல் கூசிக் கடிக்க முடியாமல், "அடுத்த வருசத்துலேருந்து இந்தத் தெருப் பக்கமே போகாதய்யா. அத்தனையும் நாரு," என்றது எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் சகாயம்மாள் அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பழத்தைக் கடித்தாள். அவள் முகமும் கோணியது. மேரி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நாக்கு காத்திருந்தது இதற்கா?

சகாயம்மாள் சப்பிச் சப்பிக் கொட்டைவரை தின்று முடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி, காய்க்கு மேங்கோன்னா, பழத்துக்கு அவன் என்ன சொல்லுவான்?"

"அதுக்கும் மேங்கோதாம்மா. ரெண்டுக்கும் அவனுக்கு ஒரே பேருதான்."

சகாயம்மாள் இன்னொரு பழத்தை எடுத்தாள். "சரியாத்தான் வெச்சிருக்கான். நம்ம மரத்தைப் பாத்துட்டுப் போனவனா இருப்பான்."