ஒரே வேலைக்கு ஐந்து பக்கங்கள்

“என் தம்பி கல்யாண வலீமா விருந்துல எல்லாரும் வீட்டு மாப்ள எங்கன்னு தேடறாங்க. நீங்க கார்ல லேப்டாப்ப வெச்சிகினு குந்தினு கீறீங்க.”

“ஒரு லைப்ரரில சாஃப்ட்வேர் நின்னு போச்சு சுராயா. புக்கு வாங்க வந்த பசங்க அப்பிடியே நிக்குதுங்க.”

“என் மூஞ்சி செத்துப் போச்சே, அது தெரிலியா?”

“இப்ப இன்னா பண்ணணும்ன்ற?”

“ஒண்ணும் பண்ண வேணாம். நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். பின்னாலயே வர வேணாம்.”

விருந்து முடிந்து மாமல்லபுரத்தில் தங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் நடந்த இந்தப் பேச்சை சுராயா எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். கணவன் தௌசிஃப் கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொண்டான். வரவே இல்லை. அம்மா வீடிருந்த செங்கல்பட்டில் மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது.

“மாப்ள வந்து கூப்பிடாம நீயா போய் நின்னா நாளைக்கு எவன் மதிப்பான்?” என்பாள் அம்மா. அவன் வந்து கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் சுராயாவுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

ஆனாலும் இருவரும் பேசாமல் இருந்த நாளில்லை. எல்லாம் ‘அலமாரி’யைப் பற்றிய பேச்சு. சின்ன நூலகங்களுக்காகத் தௌசிஃப் எழுதிய இலவச மென்பொருள் அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். அதைப் பயன்படுத்தும் முறையைத் தன்னார்வலர்கள் ஒரு விக்கியில், பலர் சேர்ந்து எழுதும் இணையக் கையேட்டில், எழுதினார்கள். அந்த விக்கியை ஒழுங்காக வைத்திருப்பது சுராயாவின் பொறுப்பு. கல்யாணமான புதிதில் ஒரே கட்டிலில் முதுகோடு முதுகு சாய்ந்து, அவன் நிரல் எழுத, அவள் பக்கங்களை அடுக்குவாள். இப்போது அந்த முதுகு இருக்கும் இடத்தில் சுவர். “தலைப்பு மாற்றினேன்” என்று அவள் குறிப்பு எழுதுவாள். “பார்த்தேன், நன்றி” என்று அவன் எழுதுவான். ஊரே படிக்கும் இடத்தில் ‘சாப்பிட்டீர்களா’ என்றுகூடக் கேட்க முடியாது.

விக்கியும் அவள் கைக்கு அடங்கவில்லை. முதன்முதலில் பக்கங்கள் எழுதியவர் பக்தவத்சலம், மதுராந்தகத்தில் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவர். மென்பொருள் மாறிக்கொண்டே வந்தது. அவர் எழுதியது மட்டும் மாறவில்லை. பெரியவர் எழுதியதில் கை வைக்க எல்லோருக்கும் கூச்சம். திருத்துவதற்குப் பதிலாக ஆளுக்கொரு புதுப் பக்கத்தைப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போனார்கள். புத்தகப் பட்டியலை நகலெடுத்து வைப்பதற்கு மட்டும் ஐந்து பக்கங்கள். சுராயா அவரைப் புண்படுத்தாமல் ஒரு வழி செய்தாள். அவருடைய பக்கத்தின் அடியில், “புதிய முறைக்கு வேறு பக்கம் பார்க்கவும்” என்று சேர்த்தாள்.

படாளத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஸ்ரீதேவி அந்த அடிவரை போகவில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தாள். பழைய முறை புது மென்பொருளுக்கு ஒத்துவராமல், பாதியிலேயே பள்ளி நூலகப் பட்டியல் மொத்தமும் அழிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில் அவள் குரல் கம்மியிருந்தது. “பசங்க லீவுல வந்து குந்தி டைப் பண்ணது மேடம். திருப்பி எடுக்கவே முடியாதா?”

“நேத்தெல்லாம் பாத்தேன் மேடம்,” என்றான் தௌசிஃப். “முடியல.”

“யாரு எழுதின பக்கம் அது?” என்று கேட்டார் பக்தவத்சலம்.

சுராயா தன் மைக்கைத் திறந்தாள்.

“உங்க பக்கம் சார்,” என்றாள் சுராயா.

“தப்புன்னு எப்ப தெரியும்?”

“போன வருஷமே.”

“எனுக்கு ஏம்மா சொல்லல?”

“நீங்க வருத்தப்படுவீங்கன்னு...”

“இப்ப மட்டும் சந்தோஷமா கீறேனா?” அவர் பெயர் திரையிலிருந்து மறைந்தது.

“ஹெச்.எம். கிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியல,” என்று சொல்லிவிட்டு ஸ்ரீதேவியும் போனாள்.

மிஞ்சியது இரண்டு பெயர்கள். அவன் அறை மின்விசிறி கிரீச்சிடுவது கேட்டது. அதற்கு எண்ணெய் போட ஆள் கூப்பிட வேண்டும் என்று அவள்தான் நச்சரித்துக்கொண்டிருப்பாள்.

“அஞ்சையும் எடுத்துட்டு ஒண்ணா எழுதிடலாமா?” என்றான்.

“எழுதி? அந்தப் பசங்க டைப் பண்ணது வந்துடுமா?”

“வராது.”

“என் தப்புதான். மேல போட வேண்டியத அடியில போட்டேன்.”

“நானும் பாத்தேன், அப்பவே. மேல ஏத்துன்னு சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“நீ கோச்சுப்பியோன்னு.”

சுராயாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கரித்தது. அடுக்களையில் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“சரி, வெச்சிடட்டுமா?” என்றான் தௌசிஃப்.

வழக்கமாக அவன் இதைக் கேட்பதற்குள் அவளே துண்டித்துவிடுவாள். இன்று விரல் அசையவில்லை.

“வெக்காதீங்க,” என்றாள். “கெளம்பி வாங்க. வந்து என்னக் கூட்டினு போங்க.”