சகலை மாட்டிய பிரேக்

1

நண்பன் கப்பலைப் பற்றி நாவல் எழுதிப் பெயர் வாங்கிவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அவன் கை வைக்காத வாகனம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடியதில், மலையிலிருந்து மூட்டை இறக்கிய குறுகிய பாதைச் சரக்கு ரயில் அகப்பட்டது. இந்தக் கதை பிறந்த லட்சணம் இதுதான்.

2

'பனியில் மூழ்கிய மலையின்...' (வேண்டாம். நண்பன் இப்படித்தான் தொடங்குவான்.)

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேகன் கூரையிலும் ஓர் இரும்புச் சக்கரம் இருந்தது. அதைத் திருகினால் அந்த வேகனுக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். இறக்கத்தில் எஞ்சின் விசிலடித்ததும் கூரைக்குக் கூரை தாவி ஒவ்வொன்றாகத் திருகுபவன் பிரேக்மேன். நம் ஆள் அதில் கெட்டிக்காரன்.

பிறகு காற்றுக் குழாய் வந்தது. டிரைவர் ஒரு பிடியை இழுத்தால் போதும், எல்லா வேகனும் ஒன்றாக நிற்கும். அதை மாட்டிய பட்டறை மெக்கானிக், நம் ஆளின் மனைவியுடைய தங்கை கணவன். அதாவது சகலை. வந்தது வினை.

மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே, "தங்கச்சி வீட்டுக்காரர் மூளையே மூளைங்க. இனி உங்க முட்டிக்கும் ஓய்வு," என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3

(இவ்வளவுக்காக ஒருவன் அடுத்து வரும் காரியத்தைச் செய்வானா என்று இங்கே பேனாவை மூடிவிட்டேன். கப்பல் நாவலுக்குப் பரிசு என்று செய்தி வந்தது. செய்வான்.)

உச்சி ஸ்டேஷனில் நம் ஆள் இரண்டாம் வேகனுக்குப் பின்னால் குழாய் வால்வை மூடிவிட்டு, எல்லாம் சரி என்று கொடி காட்டினான். டிரைவர் இழுத்தாலும் அதற்குப் பின்னால் பிரேக் பிடிக்காமல் குழாய் ஏமாற்றும், தான் கூரைமேல் ஓடி வண்டியை நிறுத்தலாம் என்பது கணக்கு. கிளம்பிய பிறகுதான் பார்த்தான்: தன் வேலையைச் சோதிக்கச் சகலையும் கடைசி வேகனில் ஏறியிருந்தான்.

இறக்கத்தில் வண்டி பிய்த்துக்கொண்டு போனது. எத்தனை திருகியும் வேகம் அடங்கவில்லை. செத்தோம் என்று அவன் நினைத்தபோது, கூரை ஏறிப் பழக்கமேயில்லாத சகலை பின்னாலிருந்து தவழ்ந்து தவழ்ந்து திருகிக்கொண்டு வந்தான். இருவரும் நடு வேகனில் முட்டிக்கொண்டபோது வண்டி நின்றது.

இறங்கிக் குழாயைத் தடவிக்கொண்டே போன சகலை, மூடிய வால்வைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். திறந்துவிட்டான்.

"சகலை, குழாய் மக்கர் பண்ணிடுச்சு, நீங்கதான் நிறுத்தினீங்கன்னு சொல்லிக்கறேன்," என்றான். "டிரைவருக்குப் பிள்ளைங்க இருக்கு. இன்னொரு தடவை வேணாம்."

4

வீட்டில் மனைவி அவனை வாசலிலேயே நிறுத்தி, "நீங்க இல்லேன்னா எல்லாரும் போயிருப்பாங்களாமே?" என்றாள். அவள் அவனை அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறான். அவள், "தெரிஞ்சும் காட்டிக்கொடுக்கலையா அவரு?" என்கிறாள். பெருமை மறுபடி சகலைக்கே போகிறது. மற்றதில் வாயை மூடிக்கொள்கிறான். ஆயுளுக்கும் சகலை போட்ட பிச்சையில் கெட்டிக்காரனாக இருக்கிறான். இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். அவனுக்காக நான் வாய் திறக்கப் போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.