செபாஸ்டின் டயர் ஒர்க்ஸ் திறந்திருக்கிறது

பிளசி பார்க்கிற வேலையை ஏரியூரில் யாருக்கும் விளக்க முடியாது. பக்கத்து வீட்டு மணிமேகலை ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாள் பூரா அட்ரஸ் எழுதற வேலைன்னு சொல்லு" என்றாள். ஒரு வகையில் சரிதான். எந்த ஊரில் என்ன கடை, என்ன நம்பர் என்று அடுக்கி வைத்திருக்கும் டைரக்டரித் தளங்கள் இணையத்தில் எக்கச்சக்கம். தர்மபுரியில் மாதவராஜ் நடத்தும் கம்பெனிக்காக, வீட்டிலிருந்தபடியே அவற்றில் கடைகளைப் பதிவு செய்வாள். ஒவ்வொரு பதிவிலிருந்தும் அந்தக் கடையின் வலைப்பக்கத்துக்கு ஓர் இணைப்பு போகும். இத்தனை பேர் கைகாட்டுகிறார்களே, பெரிய ஆள்தான் போலிருக்கிறது என்று நம்பி, தேடுபொறி அந்தக் கடையை மேலே தூக்கி வைக்கும். மனிதர்களே இப்படித்தான் ஏமாறுகிறோம், இதில் தேடுபொறியை மட்டும் என்ன சொல்ல.

"டைரக்டரியெல்லாம் பழைய சமாச்சாரம் பிளசி, இப்ப மதிப்பே இல்ல" என்பார் மாதவராஜ். "இருந்தாலும் போட்டு வை. கஸ்டமர் கேக்கறாங்க."

மதிப்பில்லாத அந்த வேலையை அவள் சொந்தக் காரியத்துக்கும் செய்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் மூன்று பேர். அப்பா செபாஸ்டின் வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருந்தார். அண்ணன் இனிகோ அவரிடமே தொழில் பழகி, கடையை ஹைவே பக்கம் கொண்டுபோகலாம் என்று ஆரம்பித்தான். பேச்சு முற்றி, லாரிக்காரர்கள் பார்க்க அப்பா அவனைக் கன்னத்தில் அறைந்தார். "என் சாவுக்குக்கூட நீ வராத" என்றார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனவன் போனவன்தான். நம்பரையும் மாற்றிவிட்டான். கொரோனா சமயத்தில் ரீசார்ஜ் போடாமல் விட்டதில் அப்பாவின் நம்பரும் பறிபோய், யாரோ இந்திக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அண்ணனே மனசு மாறிக் கூப்பிட்டாலும் இந்தியில்தான் பதில் வரும்.

அப்பா நெஞ்சுவலியில் இறந்தபோது பிளசி பல இடங்களில் விசாரித்தாள். திருப்பூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பெங்களூரில் பார்த்ததாக இன்னொருவர். அண்ணன் இல்லாமலே அடக்கம் முடிந்தது. அன்று முதல் அவளுக்கு ஒரே கவலை. இந்தச் செய்தியை அவனுக்குத் தானே சொல்ல வேண்டும். எவனோ ஒருவன் டீக்கடையில் சொல்லி அவன் கேட்கக் கூடாது.

அவன் வீம்புக்காரன், வாசலில் வந்து நிற்கமாட்டான். ஆனால் என்றாவது ஒருநாள், ஒரு கிறிஸ்துமஸுக்காவது, அப்பா பெயரைப் போனில் தட்டிப் பார்ப்பான். அப்போது முதலில் வந்து நிற்பது தன் நம்பராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். கடைக்கு ஒரு வலைப்பக்கம் போட்டாள். பிறகு டைரக்டரி டைரக்டரியாக ஏறி இறங்கினாள். செபாஸ்டின் டயர் ஒர்க்ஸ், ஏரியூர். மூடிய கடையை எவனும் சேர்க்கமாட்டான் என்பதால், திறந்திருக்கிறது என்றே போட்டாள். பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் அப்படிப் போட்டாள்.

ஒரே விவரத்தை எல்லா இடத்திலும் ஒட்டினால் எடுபடாது, ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுத வேண்டும். அப்பா டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்ப்பதை ஒன்றில் எழுதினாள். ஓட்டை கிடைத்ததும் அங்கே எச்சில் தொட்டு வைப்பதை இன்னொன்றில் எழுதினாள். ஒன்றில் மட்டும், 'கடைக்காரருக்குக் கோபம் எல்லாம் போய்விட்டது' என்று சேர்த்தாள். தொழில் விவரம் மட்டும் எழுதவும் என்று அது திரும்பி வந்தது.

சேவைப் பகுதி என்று ஒரு கட்டம் உண்டு. கடை எந்தெந்த ஊருக்கு வேலை செய்கிறதோ அந்த ஊர்களை மட்டும் போட வேண்டும். இந்தப் பக்கத்து ஆட்கள் பிழைக்கப் போகிற ஊர்களை எல்லாம் பிளசி போட்டாள். ஓசூர், ஆனேக்கல், பெங்களூர், திருப்பூர், சேலம். வேறு யாராவது இப்படிச் செய்தால் மாதவராஜிடம் திட்டு வாங்கிக் கொடுத்திருப்பாள்.

போன் வரத் தொடங்கியது. அண்ணன் அல்ல, நடுரோட்டில் டயர் இறங்கிப்போய் நிற்பவர்கள்.

"ஹலோ, பஞ்சர் அங்கடிதானே?" கடை என்பதைக் கன்னடத்தில் சொன்னது ஒரு குரல். "ஆனேக்கல் ரோட்டுல நிக்கறேன்."

"கடை இல்லீங்க. ஓனர் தவறிட்டாருங்க."

ஆனேக்கல்காரர்கள்தான் அதிகம் கூப்பிட்டார்கள். ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. சொல்லப்போனால் அந்த அழைப்புகள் அவளுக்குப் பிடித்திருந்தன. வெயில்ல நிக்காதீங்க, நெழல் இருக்குதா பாருங்க என்று இரண்டு வார்த்தை கூடப் பேசுவாள். சில நாட்களில் அவள் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு சிலுவைக்கும் ஒரு குடும்பமே நின்றது. பிள்ளைகள் மெழுகுவத்தியோடு ஓடினார்கள். அப்பாவின் கல்லறைக்குப் பூப்போட்டுப் பத்தி கொளுத்தப் பிளசி ஒருத்திதான். காற்றுக்குக் கை மறைக்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டது பொய் என்று அங்கே தெரிந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"ஏம்மா, போன வாரம் ஓனர் செத்துட்டாருன்னு சொன்னது நீதானே?" கோபமாக ஓர் ஆண் குரல். "உன் பேச்சைக் கேட்டு வண்டிய எம்புட்டுத் தூரம் தள்ளுனேன் தெரியுமா? இன்னிக்கு இந்தப் பக்கம் வந்தா கடை திறந்திருக்குது. ஓனர் என் எதிர்லயே உக்காந்து டியூப் ஒட்டறாரு. உசுரோட இருக்கற மனுசனப் போயி..."

"எந்தக் கடைங்க?"

"செபாஸ்டின் டயர் ஒர்க்ஸ்தான். போர்டுல தமிழ்லயும் எழுதியிருக்குதே."

ஆனேக்கல் என்று அவள்தான் போட்டிருந்தாள். அதே பெயரில் அங்கே நிஜமாகவே ஒரு கடை இருந்தது. அதைப் போனில் தேடி அவள் நம்பரில் வந்து விழுந்தவர்களைத்தான் இவ்வளவு நாளும், கடை இல்லை, ஓனர் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"யாருப்பா அது, நான் செத்துட்டேன்னு சொல்றது? குடு இப்படி."

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். போன் கை மாறியது.

"ஹலோ, யாருங்க நீங்க? என் கடைய மூடிட்டேன்னு எதுக்குச் சொல்லிட்டுத் திரியறீங்க?"

பிளசி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஓனர் செத்துட்டாருன்னீங்களாமே. எந்த ஓனரு?"

"போர்டுல இருக்கற பேருதாண்ணா."

அந்தப் பக்கம் காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"பிளசியா?"

"ம்."

"எப்ப?"

"போன வருசம். உன்னத் தேடாத எடமில்லண்ணா. இப்பக்கூட அப்பா பக்கத்துலதான் நிக்கறேன்."

அவன் அழுவது கேட்டது. அண்ணா, என் டியூபு என்று அந்த ஆள் மெதுவாகச் சொன்னதும் கேட்டது.

"வெச்சிடாத, பிளசி. இது அவுரு போனு. உன் நம்பரைச் சொல்லு, எழுதிக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டே அவள் தட்டக்கூடிய நம்பர் அது. ஊர் ஊராக ஏற்றி வைத்திருந்த நம்பர். பிளசி வாயைத் திறந்தாள். ஒன்பதுக்கு அடுத்து என்ன என்று வரவில்லை.

"சொல்லு பிளசி" என்றான் அண்ணன்.